காலை மாத்திரையும் அதைக் கொடுப்பவரும்

திற்பரப்பு, குலசேகரம் பகுதிகளிலிருந்து மனநலச் சிகிச்சைக்கு வருவோருடன் துணைக்கு வருபவர் பெரும்பாலும் ஒரே ஆளாகவே இருக்கிறார். முதல் முறை தாய் வந்தால் பத்தாம் முறையும் தாயே வருகிறார். நோயாளியின் உறக்கத்தையும் பசியையும் விசாரிக்கிறோம். அருகில் அமர்ந்திருப்பவர் எத்தனை இரவுகள் உறங்கவில்லை என்பதை நாங்களும் பல வேளைகளில் கேட்கத் தவறியிருக்கிறோம்.

இப்பகுதிக்கென்று ஓர் இடர்ப்பாடு உண்டு. ரப்பர் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்குவது. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்கு வடியும். வெட்டி முடித்து, காத்திருந்து, சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகையில் காலை உணவு வேளை கடந்திருக்கும். காலை மாத்திரையைக் கொடுக்க வேண்டிய நேரமும் அதுவே. கொடுக்க ஆளில்லை என்று சொல்லத் தயங்கி, "மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறோம்" என்றே பலர் கூறிவிடுகின்றனர். பின்னர் நோய் முற்றும்போது மருந்து பலிக்கவில்லை என்று கருதப்பட்டு, அதன் அளவு கூட்டப்படவும் கூடும். உள்ளதைச் சொன்னால் வழி உண்டு. மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் பலவற்றை இரவில் ஒரே வேளையாகக் கொடுக்க இயலும். சிலருக்கு இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பொருந்தும். முடிவு செய்பவர் மருத்துவரே. ஆயினும் வீட்டு நேரக் கணக்கு அவருக்குத் தெரிய வேண்டும்.

குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்ப்பது நம் நாட்டில் புதிதன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அம்முறையைக் கைக்கொண்டது. நம் குடும்பங்கள் எவரையும் கைவிடுவதில்லை என்று அன்று முதல் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையின் பாரம் முழுவதும் வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் தோளில் இருப்பதை மட்டும் பேசுவதில்லை.

அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ, இளையவளின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சத்தால் நோய் மறைக்கப்படுகிறது. மறைத்த வீட்டுக்கு உதவ எவரும் வர இயலாது. களைத்துப்போனவர் அறையைப் பூட்டுகிறார், சிலர் கட்டியும் வைக்கின்றனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீ விபத்தில் 28 பேர் சங்கிலியோடு மாண்டதை நாடு மறக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அந்நிலைக்கு வந்த குடும்பத்தைக் குற்றம் சாட்ட எங்களுக்கு மனமில்லை. அதற்கு முன்பே எங்களிடம் வந்திருக்கலாமே என்பதுதான் வருத்தம்.

ஆகவே, அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள வேறொருவரையும் அழைத்து வாருங்கள். மாத்திரைகளின் பெயரும் வேளையும் இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். நோயாளி இல்லாமல் தனியே சில நிமிடங்கள் பேச வேண்டுமெனில் செவிலியரிடம் முன்கூட்டியே கூறுங்கள். உங்கள் உறக்கம், முதுகுவலி, அழுகை, கோபம் யாவற்றையும் அப்போது சொல்லலாம். நள்ளிரவில் செய்வதறியாது நிற்க நேர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இச்சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நோயாளி மட்டுமன்றி, அவரைப் பராமரிப்பவரும் தமக்காக அழைக்கலாம்.