அனுமதி கொடுப்பது நாம்தான்

வீட்டுக் கணினிக்குள் மால்வேர் ஏன் புகுகிறது என்று கேட்டால், ஆன்டிவைரஸ் போடாததால்தான் என்று பலரும் சொல்வார்கள். ஒரு காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஃப்ளாஷ், ஜாவா போன்றவற்றில் ஓட்டைகள் மலிந்திருந்தன. எதையும் கிளிக் செய்யாவிட்டாலும், பக்கத்தைத் திறந்ததுமே மால்வேர் இறங்கிவிடும். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி தளங்களில் வந்த விளம்பரங்களில்கூட இத்தகைய பொறி இருந்தது. பிறகு நிலைமை மாறியது. 2020 இறுதியோடு ஃப்ளாஷ் விடைபெற்றது. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் ஆகியவை தம்மைத் தாமே அப்டேட் செய்துகொள்கின்றன. பிரவுசரை உடைப்பது பெரும் செலவு பிடிக்கும் வேலையாகிவிட்டதால், மோசடிக்காரர்கள் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரைச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார்கள்.

2017 அக்டோபரில் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பரவிய ‘பேட் ராபிட்’ என்ற மால்வேர், ஃப்ளாஷ் அப்டேட் என்ற வேடத்தில் செய்தித் தளங்களில் காத்திருந்தது. வாசகரே அதை டவுன்லோடு செய்து ஓடவிட்டார். 2024இல் பரவத் தொடங்கிய தந்திரம் இன்னும் துணிச்சலானது. ‘நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்துங்கள்’ என்று ஒரு பெட்டி வரும். அதைத் தொட்டதுமே ஒரு கட்டளை ரகசியமாகக் காப்பி ஆகிவிடும். விண்டோஸ் விசையோடு ஆர், கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் அழுத்தச் சொல்வார்கள். சொன்னபடி செய்தவர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மால்வேரைத் தானே வரவழைத்துக்கொள்கிறார். கிராக் செய்த மென்பொருளோடு வரும் குறிப்போ, ‘முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்’ என்றே சொல்லும். உரிமையாளரே நிறுத்திவிட்ட பிறகு ஆன்டிவைரஸ் யாரைக் காக்கும்?

ஆகவே முதல் விதி இது: ஒரு பக்கம் தானாக நீட்டும் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது. தேவையான மென்பொருளை அதைத் தயாரித்தவரின் தளத்துக்கு நேரே போய் எடுக்க வேண்டும். அதுவும் போதாது என்று சிலர் வாதிடலாம். 2017இல் கணினியைச் சுத்தப்படுத்தும் ‘சிசிகிளீனர்’ மென்பொருளைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலேயே மால்வேர் கலந்த பதிப்பு ஏறத்தாழ ஒரு மாதம் கிடந்தது உண்மைதான். ஆனால் அது அரிதாக நேர்வது. தேடல் விளம்பரங்களில் தோன்றும் போலித் தளங்களோ அன்றாடத் தொல்லை. பிரபல நிறுவனங்களின் பெயரில் வரும் இத்தகைய விளம்பரங்களைப் பற்றி 2022 டிசம்பரில் எச்சரித்த அமெரிக்காவின் எஃப்பிஐ, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தும்படி பொதுமக்களுக்குச் சொன்னது.

எந்நேரமும் விழிப்பாக இருக்க யாரால் முடியும் என்று கேட்பது நியாயமே. அதனால்தான் விழிப்பை நம்பாத ஏற்பாடுகளும் வேண்டும். அப்டேட் வேகத்தைக் குறைக்கிறது என்று சலித்துக்கொண்டு பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ மால்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாத கணினிகளே மாட்டின. அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமில்லாத கணக்கை வைத்துக்கொண்டால், தவறான கிளிக் ஒன்று கணினி முழுவதையும் எளிதில் கைப்பற்ற முடியாது. சேமித்த பாஸ்வேர்டுகளை இது காப்பாற்றாது என்பதால், வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு தேவை. படங்களையும் ஆவணங்களையும் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் மால்வேருக்கு எட்டாதபடி அதைக் கழற்றி வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவு அந்த ஹார்டு டிஸ்கின் விலை மட்டுமே. விண்டோஸோடு இலவசமாகவே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்க, ஆண்டுதோறும் வேறொன்றுக்குக் கட்டும் பணத்தை இதில் போடலாம்.