வீராணம் குழாயும் மூணு எலிமென்ட்டும்

சென்னைக்கு வர்ற வீராணம் தண்ணி சேத்தியாத்தோப்புல பம்ப் ஆகி, வடக்குத்துல சுத்திகரிச்சு, போரூர் வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல எஃகுக் குழாய்லயே போகுது. 2004-ல வந்த திட்டம். நாளைக்கு 18 கோடி லிட்டர் அதோட கொள்ளளவு. அப்படி ஒரு குழாயை ஃபைனைட் எலிமென்ட் மாடலா போடணும்னா, முதல் கேள்வி: எந்த எலிமென்ட்?

கணக்குக்காக விட்டம் 1750 மில்லிமீட்டர், தகடு 10 மில்லிமீட்டர்னு வெச்சுக்கலாம்.

பாலத்து மேல போற குழாய் மொத்தமா எவ்வளவு தொய்யும்? பீம் போதும். சில நொடி வேலை. ஆனா பீமுக்குக் குழாய் எப்பவுமே வட்டம்தான். மேல இருக்கற மண்ணு அழுத்தி அது முட்டை வடிவமா நசுங்கறது அதுக்குத் தெரியவே தெரியாது.

அதுக்கு ஷெல் வேணும். 50 மில்லிமீட்டர் மெஷ் போட்டா, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2,200 எலிமென்ட்.

"சாலிட் போட்டா இன்னும் துல்லியம்தானே?" இங்கதான் பலர் மாட்டிக்கறாங்க. தகட்டுக் கனத்துக்கு ஒரே ஒரு சாதாரண சாலிட் எலிமென்ட் வெச்சா, வளைவைச் சரியா பிடிக்காது; குழாய் நிஜத்தைவிட விறைப்பா தெரியும். மூணு அடுக்கு, கனசதுர எலிமென்ட்டா வெச்சா அதே ஒரு மீட்டருக்குச் சுமார் 15 லட்சம் எலிமென்ட்! வெல்டிங் மூலை மாதிரி சின்ன இடத்துக்கு மட்டும் சாலிட் போதும்.

அடுத்தது மெட்டீரியல். எஃகுக்கு யங் மாடுலஸ் சுமார் 2,00,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3. உறுதியான எஃகுக்கு மாத்தினா உடையற எல்லைதான் கூடும்; தொய்வு குறையாது, ஏன்னா மாடுலஸ் கிட்டத்தட்ட அதேதான். சுத்தியிருக்கற மண்ணோட மாடுலஸ் எஃகைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கம்மி. ஆனாலும் மெல்லிய குழாய் நசுங்காம இருக்கறது பெரும்பாலும் பக்கவாட்டு மண்ணாலதான். அதை விட்டுட்டா மாடலே தப்பு.

யூனிட்லயும் கவனம். மில்லிமீட்டர், நியூட்டன்ல மாடல் பண்ணிட்டு அடர்த்திய 7850-னு போட்டா, எடை லட்சம் கோடி மடங்கு ஏறிடும். அங்க 7.85-ஐ நூறு கோடியால வகுத்துப் போடணும்.

நம்ம கோட்ல டைப் தப்புன்னா கம்பைலர் கத்தும். இங்க யாரும் கத்த மாட்டாங்க. கலர் கலரா படம் வரும், அவ்வளவுதான். அதனால கையில ஒரு கணக்கு: அழுத்தம் × விட்டம் ÷ (2 × கனம்). 1 மெகாபாஸ்கல் தண்ணி அழுத்தத்துக்கு 87.5 மெகாபாஸ்கல் வரும். மூட்டுல இருந்து தள்ளி நேரான பகுதியில சாஃப்ட்வேர் இதுக்குப் பக்கத்துல வரலைன்னா, ரிப்போர்ட் அனுப்பாதீங்க.