தேய்ந்த கியர்ப் பெட்டி: திறக்குமுன் அறிய வேண்டியவை

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலை, நெசவாளருக்கும் உழவருக்கும் பொதுவான சாலையாகும். காஞ்சிபுரத்துச் சேலைக் கட்டுகளும், படப்பைப் பக்கத்துக் காய்கறிகளும் இதன் வழியே நகரை அடைகின்றன. இவற்றைச் சுமப்பவற்றில் பல, ஆண்டுக்கணக்கில் உழைத்த சிறு சரக்கு வண்டிகளே. 1986-ம் ஆண்டில் வெளிவந்த டாடா 407, 2005-ல் வந்த டாடா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் ஆகியவற்றை இப்பகுதியில் அறியாதார் இல்லை.

இத்தகைய வண்டி ஒன்றின் கியர்ப் பெட்டி பாதி வழியில் கைவிட்டால் நேரும் நஷ்டம் பட்டறைக் கூலியோடு முடிவதில்லை. பறித்த கீரை மறுநாள்வரை காத்திராது. நூல் வராத தறி ஓடாது. ஆயினும் கியர்ப் பெட்டி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிக் கெடுவதில்லை. அது கூறுவதைக் கேட்டுக் காரணத்தைக் கண்ட பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். திறந்தபின் அரைகுறையாக மூடலாகாது. அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய விஷயம் இதுவே.

பெட்டியினுள் நடப்பது

எஞ்சினின் சுழற்சியைச் சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்றவாறு மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்புவது கியர்ப் பெட்டியின் வேலை. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு உறுப்புகளை மோதலின்றி இணைப்பதற்குச் சின்க்ரோ வளையங்கள் உள்ளன. இவை பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. 1928-ம் ஆண்டில் அமெரிக்கக் காடிலாக் கார்களில் இம்முறை புகுந்தது. அதற்கு முன்னர் டிரைவர்கள் கிளச்சை இருமுறை மிதித்தே கியர் மாற்றி வந்தனர். வளையம் தேய்ந்த வண்டியைப் பட்டறை வரையில் கொண்டு சேர்ப்பதற்கு அந்தப் பழைய வித்தை இன்றும் உதவும்.

ஒலியும் எண்ணெயும் சொல்லுபவை

எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் எளிதில் விழாமல், நிறுத்தியதும் எளிதாக விழுந்தால், குற்றம் பெரும்பாலும் கியர்ப் பெட்டியினுடையது அன்று; கிளச்சு முழுமையாக விலகவில்லை என்று அறிக. ஒரே ஒரு கியரில் மட்டும் கரகரவென்று ஒலி எழுமாயின், அந்தக் கியரின் சின்க்ரோ வளையத்தை ஐயுற வேண்டும். மேடு ஏறும்போது கியர் தானே கழன்று வந்தால், பற்களோ, போர்க்கோ, அதனை நிலைநிறுத்தும் ஸ்பிரிங்கோ தேய்ந்திருத்தல் கூடும்.

வண்டி நியூட்ரலில் நிற்கையில் எழும் இரைச்சல், கிளச்சை மிதித்ததும் மறைந்தால், பெட்டியினுள் செல்லும் தண்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தபின்னரே இரைச்சல் தோன்றினால், அது கிளச்சின் ரிலீஸ் பேரிங்காக இருக்கும். இந்தச் சோதனைகளுக்குச் செலவு ஏதும் இல்லை. இவற்றைச் செய்யாமல் பெட்டியைக் கழற்றி, கடைசியில் கிளச்சு மட்டுமே பழுது என்று கண்டால், கூலி வீணாகும்.

அடுத்து, சற்று ஓடிச் சூடேறிய எண்ணெயைச் சுத்தமான தட்டில் வடித்துப் பார்க்க வேண்டும். வடிகால் திருகில் காந்தம் இருந்தால், அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பே. பொன்னிறத் தூள் மிகுந்திருப்பின் பித்தளை வளையம் தேய்கிறது. எஃகுத் துணுக்குகள் கிடைத்தால், பற்களோ பேரிங்கோ உடைந்துள்ளன. அந்த வண்டியை மேலும் ஓட்டலாகாது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்பது தெளிவு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கியதை நாம் அறிவோம். வெள்ளத்தில் நின்ற வண்டியின் எண்ணெயைப் பார்க்காமல் ஓட்டினால் பேரிங்குகள் துருவேறி அழியும்.

திறந்தபின் செய்ய வேண்டியவை

பெட்டி கீழே இறங்கிய பின்பு ஒரு வளையத்தை மட்டும் மாற்றி மூடுவது சிக்கனம் போலத் தோன்றும். உண்மையில் அது இருமுறை கூலி கொடுக்கும் வழியாகும். இரைச்சலிடும் பேரிங்குகள், எண்ணெய் கசியும் சீல்கள், தேய்ந்த வளையங்கள் அனைத்தையும் ஒரே முறையில் மாற்றுதல் வேண்டும். வளையத்துக்கும் கியருக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து, கையேட்டில் குறித்த அளவோடு ஒப்பிடுமாறு மெக்கானிக்கைக் கேளுங்கள். கிளச்சுத் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றையும் அப்போதே சோதிக்கலாம்.

எண்ணெயில் கவனம் அவசியம். பின் அச்சுக்கு ஏற்ற ஜி.எல்.5 வகை எண்ணெயில் உள்ள கூட்டுப்பொருள்கள் சில, பித்தளை வளையங்களுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆதலின் கையேடு கூறும் வகையையே ஊற்ற வேண்டும்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பெட்டிகள் கிடைக்கும். வாங்குபவர் தண்டைக் கையால் சுழற்றியும், மேலும் கீழும் அசைத்தும், எல்லாக் கியர்களையும் போட்டும் பார்த்தல் நலம். மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றி இரைச்சலை மறைப்பாரும் உளர். எனவே எண்ணெயையும் வடித்துப் பார்க்க வேண்டும். ரசீது பெறாமல் பணம் தர வேண்டாம்.

தானியங்கிப் பெட்டி

1939-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஹைட்ராமாட்டிக் வெளிவந்தபின் தானியங்கிப் பெட்டி பரவியது. இன்று நம் ஒரகடத்திலேயே அல்லிசன் நிறுவனத்தின் தொழிற்சாலை லாரிகளுக்கும் பஸ்களுக்கும் உரிய தானியங்கிப் பெட்டிகளை உற்பத்தி செய்கிறது. இதில் காலால் மிதிக்கும் கிளச்சு இல்லை. எண்ணெயே எஞ்சினின் விசையை ஏந்திச் செல்கிறது. எனவே எண்ணெய் கருத்துக் கருகிய மணம் வீசினால், உள்ளிருக்கும் கிளச்சுத் தட்டுகள் எரிகின்றன என்று பொருள். நின்று நின்று நகரும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் இப்பெட்டிக்குச் சூடே பெரும் பகை. எண்ணெயின் அளவையும் குளிர்விப்பானையும் ஒழுங்காகக் கவனிக்க வேண்டும். பழுதான வண்டியை, ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளுமாறு இழுத்துச் செல்வதும் தவறு.

சிக்கனம் எது?

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். எப்படியும் வண்டி பட்டறையில் நிற்கும் அந்த நாள்களிலேயே கியர்ப் பெட்டிச் சோதனையையும் முடித்துக்கொள்ளலாம். மாற்றும் பாகங்களின் விலை, கூலி, பொறுப்புக் காலம் ஆகியவற்றை முன்னதாக எழுத்தில் பெறுக. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குக. பழுதுச் செலவை வண்டியின் இன்றைய விற்பனை விலையோடு மட்டும் ஒப்பிடாமல், அது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோடும் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டமும் எஞ்சினும் உறுதியாயிருப்பின் பெட்டியைச் செப்பனிடுவதே பெரும்பாலும் லாபம். சட்டமே துருவேறியிருந்தால் புதிய பாகங்களில் பணத்தைப் புதைக்கலாகாது.

ஒரே வண்டியைப் பலர் உபயோகிக்கும் சங்கங்களில், நடை ஒன்றுக்கு ஒரு சிறு தொகையைப் பழுது நிதியில் சேர்த்து வருவது நலம். கியர்ப் பெட்டி கரகரக்கத் தொடங்கும் நாளில் கடனுக்கு அலைய வேண்டியிராது. கீரையும் நூலும் குறித்த நேரத்தில் சேரும். எண்ணெய் பார்த்த தேதியை வண்டிப் பதிவேட்டில் குறிக்கும் பழக்கத்தை அங்கத்தினர்கள் இம்மாதமே தொடங்குவார்களாக.