மெழுகுக் கலமும் மாகடலும்

புரூட் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவருட் கற்றோர் பலர்க்கு நினைவில் எழுபவர் சரித்திராசிரியர் ஜேம்ஸ் அந்தனி புரூட் ஆவர். இங்கிலாந்தின் சரித்திரத்தைப் பல பாகங்களாக எழுதியவரும், கார்லைலின் வாழ்க்கையை உள்ளவாறே எழுதிப் பெருங்கண்டனத்துக்கு ஆளானவரும் அவரே. சமய வரலாறு கற்றோர் தமையனாராகிய ஹறல் புரூட்டையும் அறிவர்; ஒக்ஸ்போட் இயக்கத்திலே நியூமனுக்கு உயிர்த்தோழராயிருந்து 1836 இல் இளவயதிலேயே காசநோயால் மறைந்தவர் அவர். இவ்விருவர்க்கும் இடையிற் பிறந்த வில்லியம் புரூட்டை இலக்கியம் பயில்வோர் பெரும்பாலும் அறியார். ஏட்டுப் புகழ் இவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் இன்று கடலில் ஓடும் பெருங்கப்பல்களெல்லாம் இவர் வகுத்த கணக்கைச் சுமந்துகொண்டே ஓடுகின்றன.

தமிழிலக்கணம் கற்பிப்பவன் கப்பற் கணிதம் பற்றி எழுதப் புகுந்ததென்னை என வினவுவார் வினவுக. அளவைநூல் படிப்பிக்கும்போது உவமையளவை என்னும் பகுதி வந்தது. காட்டிலுள்ள ஆமா நாட்டிலுள்ள ஆவைப் போன்றது என்னும் வழக்கமான எடுத்துக்காட்டைச் சொன்னேன். விஞ்ஞானப் பிரிவிலிருந்து தமிழும் கற்க வந்த மாணவனொருவன் எழுந்து, "ஐயா, போன்றது என்று சொன்னால் அறிந்ததாகுமா? எவ்வளவு போன்றது என்று அளந்து சொல்லவேண்டாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அக்கேள்விக்கே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கொடுத்தவர் இந்த வில்லியம் புரூட். அவரைப்பற்றி மாணவனுக்குச் சொன்னவற்றையே சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

1810 ஆம் ஆண்டு நவம்பர் 28 இல், டெவன் மாகாணத்து டாட்டிங்டன் என்னும் ஊரிலே, அவ்வூர்க் குருவானவரின் மகனாக இவர் பிறந்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் பாடசாலையிலும், பின்பு ஒக்ஸ்போட்டில் ஓரியல் கல்லூரியிலும் பயின்று, 1832 இற் கணிதத்தில் முதல் வகுப்பிலே தேறினார். அக்காலத்து ஓரியல் கல்லூரி சமயவாதத்தின் கொதிகலமாயிருந்தது. நியூமன் அங்கேயே இருந்தார். தமையனாரும் அங்கேயே இருந்தார். அந்தச் சூழலிலே கணிதத்தைப் பற்றிக்கொண்ட இளைஞர் இவர்.

1837 இற் புகழ்பெற்ற பொறியியலறிஞர் புரூணலின்கீழ், பிறிஸ்ரல் எக்சிற்றர் புகையிரதப் பாதை வேலையிற் சேர்ந்தார். நேராக ஓடிவந்த வண்டி வளைவிற் புகும்போது சட்டென்று ஒருபுறம் தள்ளப்படுமன்றோ? நேருக்கும் வட்டத்துக்கும் இடையே, சிறிது சிறிதாக வளைந்து செல்லும் இணைப்பு வளைவொன்றை இவர் கணித்து அமைத்தார். பின்னர் 1846 இல், நோயுற்ற தந்தையாரைப் பேணுதற்பொருட்டு உத்தியோகத்தை விட்டு வீடு திரும்பினார். அதன்பின் ஏறக்குறையப் பத்தாண்டு காலம் சொல்லத்தக்க பெருவினை எதுவும் நிகழவில்லை.

மீண்டும் அழைத்தவர் புரூணலே. 692 அடி நீளமுள்ள 'கிரேட் ஈஸ்ரேண்' என்னும் இராட்சதக் கப்பலை அவர் கட்டிக்கொண்டிருந்தார். அத்துணைப் பெரிய கப்பல் அலையிலே எவ்வாறு உருளும் என்பதை எவரும் அறியார். அதனை ஆராய்ந்து சொல்லும்படி புரூட்டைக் கேட்டார். கப்பல் வெள்ளோட்டத்துக்கு வந்த 1859 இலேயே புரூணல் காலமானார். கேள்வி மட்டும் புரூட்டின் கையில் நின்றது. 1861 இற் கப்பற் சிற்பியர் சங்கத்திலே தம் விடையை வாசித்தார்.

அவ்விடை அக்காலத்து மாலுமியர் நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. கப்பலின் அடியிற் பாரத்தை மிகுதியாக ஏற்றி, சாய்ந்தால் விரைந்து நிமிரச் செய்தால் அஃது அசையாது நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். அமைதியான நீரிலே அது சரியே. அலை நிறைந்த கடலிலோ நீரின் மேற்பரப்பே சாய்கின்றது. அலைமேல் மிதக்கும் பொருளுக்கு 'மேல்' என்பது வானத்தை நோக்கிய திசையன்று. சாய்ந்த நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான திசையே அதற்கு மேலாகும். ஆதலால் விரைந்து நிமிரும் கப்பல் அலையின் சாய்வையே விரைந்து பின்பற்றும். இஃதன்றி வேறோர் அபாயமும் உண்டு. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் சிறுபிள்ளையின் கைவலியே உச்சிவரை கொண்டுபோகும். கப்பலுக்கு இயல்பாயுள்ள ஆட்டக்காலமும் அலை வரும் காலமும் ஒத்துவிட்டால், சிறிய அலையும் பெரிய கப்பலைச் சாய்த்துச் சாய்த்து எல்லைக்கே கொண்டுபோய்விடும். எனவே கப்பலின் ஆட்டக்காலம் அலையின் காலத்தினும் நீண்டதாயிருத்தல் வேண்டும் என்றார். சங்கத்திலே எதிர்த்தோர் பலர். ஆயினும் கணக்கைக் குலைத்தோர் இலர்.

கப்பலின் நிலையுறுதி என்பது ஏட்டு வாதமன்று என்பதற்கு 1870 ஆம் ஆண்டு சான்றாயிற்று. கவுப்பர் கோல்ஸ் என்னும் கடற்படை அதிகாரி, சுழலும் பீரங்கிக் கூண்டும், பாய்மரமும், தாழ்ந்த பக்கமும் கொண்ட 'கப்ரன்' என்னும் போர்க்கப்பலைத் தம் கருத்துப்படியே கட்டுவித்தார். தலைமைக் கப்பற் சிற்பியாகிய எட்வேட் றீட் அதனை ஒப்பவில்லை. பத்திரிகைகளும் பொதுமக்களும் கோல்ஸின் பக்கமே நின்றனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 7 ஆம் நாள் பினிஸ்ரெயர் முனைக்கு அப்பாற் புயலிலே அக்கப்பல் கவிழ்ந்தது. 480 பேர் வரையில் மாண்டனர். கோல்ஸும் அதிலேயே இறந்தார்; கடற்படை அமைச்சரின் மகனும் இறந்தான். ஆரவாரம் மிகுந்த கருத்துக்கும் அளந்து கண்ட கருத்துக்கும் உள்ள வேற்றுமைக்கு அத்தனை உயிர் விலையாயிற்று. அடுத்த ஆண்டு போர்க்கப்பல்களின் அமைப்பை ஆராயக் கூட்டிய குழுவிலே புரூட்டும் ஓர் உறுப்பினராயினார்.

இனி அவர் பெயரை நிலைநாட்டிய வேலைக்கு வருவோம். ஒரு கப்பலை இன்ன வேகத்திற் செலுத்த எவ்வளவு வலு வேண்டும் என்பதை, அதனைக் கட்டுவதற்கு முன்பே அறிய முடியுமா? சிறிய மாதிரிகளை நீரில் இழுத்துப் பார்த்தோர் முன்னரும் உளர். கண்ட முடிவோ பெரிய கப்பலுக்குப் பொருந்தவில்லை. எனவே மாதிரி என்பது பிள்ளை விளையாட்டு என்று அறிஞர் ஒதுக்கினர். அலைவடிவக் கொள்கையாற் புகழ்பெற்ற ஸ்கொற் றசல் என்பார், அத்தகைய சோதனைகள் அழகாயிருக்கும், பயன்படமாட்டா என்னும் கருத்தினர்.

1867 இற் புரூட் இருவகை மாதிரிகளைச் செய்து டாட் ஆற்றிலே இழுத்துப் பார்த்தார். ஒன்று கூரிய முனையுடைய 'காகம்'. மற்றது மழுங்கிய முனையுடைய 'அன்னம்'. ஒவ்வொன்றிலும் 3 அடி, 6 அடி, 12 அடி என மூன்று அளவு. மெதுவாகச் செல்கையிற் காகம் எளிதாக ஓடியது. வேகம் கூடியபோது அன்னமே வென்றது. எல்லா வேகத்துக்கும் உத்தமமான வடிவம் ஒன்று உண்டு என்னும் கொள்கை அத்துடன் வீழ்ந்தது. அதனினும் பெரியதொன்றை அவர் கண்டார். சிறிய அன்னத்தையும் பெரிய அன்னத்தையும் ஒரே வேகத்தில் இழுத்தால் அவை எழுப்பும் அலைகள் ஒவ்வா. பெரியதைத் தக்க அளவு விரைந்து இழுத்தால் இரண்டின் அலைக்கோலமும் ஒன்றேபோல் அமைந்தன. அந்தத் தக்க வேகம் யாது? நீளத்தின் வர்க்கமூலப்படி வேகம் மாறவேண்டும் என்பதே விடை. கப்பலிற் பதினாறில் ஒரு பங்கு நீளமுள்ள மாதிரியை, கப்பலின் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு வேகத்திலே இழுத்தல் வேண்டும். அப்பொழுது அலை எழுப்புவதால் மாதிரிக்கு உண்டாகும் தடை ஓர் இறாத்தலாயின், கப்பலுக்கு உண்டாவது 16 இன் கனமாகிய 4096 இறாத்தல்.

இவ்விடத்தில் எனக்குத் தொல்காப்பியத்து உவமவியல் நினைவுக்கு வருகின்றது. வினை, பயன், மெய், உரு என நான்கு வகை உவமத்துக்குச் சொல்லப்பட்டன. முன்னையோர் மெய்யும் உருவும் ஒத்தால் உவமை முற்றிற்று என்று கருதி மாதிரி செய்தனர், வினையை ஒப்பித்தாரல்லர். வினையும் ஒத்தாலன்றி உவமை நிரம்பாது என்பதைக் கடலிலே காட்டியவர் புரூட். இது தமிழாசிரியன் கண்ட பொருத்தம். பௌதிக ஆசிரியர்கள் சிரிப்பாராயினும் சிரிக்கட்டும். பிரான்சிலே ரீச் என்பவர் இவ்விதியை முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தார் என்பதையும் மறைத்தலாகாது. சொன்னவர் அவர், இழுத்துப் பார்த்துப் பயன்கொண்டவர் இவர்.

இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. அலை எழுப்பும் தடை ஒன்று; நீர் பக்கங்களில் உராயும் தடை மற்றொன்று. முன்னது மேற்சொன்ன விதிக்கு அடங்கும், பின்னது அடங்காது. முன்னையோர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து கணித்தமையாலேயே பிழைத்தனர். புரூட் பல நீளமுள்ள பலகைகளுக்கு வார்னீஷ், துணி, மணல் எனப் பலவகை மேற்பூச்சு இட்டு, 50 அடி நீளம் வரை இழுத்து உராய்வை மட்டும் தனியே அளந்தார். நீண்ட பலகையின் பின்பகுதி, முன்பகுதியால் ஏற்கெனவே இழுபட்டு நகரும் நீரிலே செல்வதால், அங்கே உராய்வு குறைகின்றது எனவும் கண்டார். மாதிரியின் மொத்தத் தடையிலிருந்து உராய்வைக் கழித்து, எஞ்சியதை விதிப்படி பெருக்கி, கப்பலுக்குரிய உராய்வைக் கூட்டினால் விடை வரும். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் இம்முறையின் அடிப்படை மாறவில்லை.

1868 இற் சோதனைத் தொட்டி ஒன்று அமைக்கவேண்டுமென எழுதினார். றீட் ஆதரித்தார். 1870 இற் கடற்படைத் திணைக்களம் 2000 பவுண் ஒதுக்கிற்று. டோக்கி நகரிலே தம் இல்லமாகிய செல்ஸ்ரன் குறொசுக்கு அருகே 278 அடி நீளமும், 36 அடி அகலமும், 10 அடி ஆழமுமான தொட்டியைக் கட்டினார். 1872 இல் வேலை தொடங்கிற்று. தம் உழைப்புக்கு அவர் ஊதியம் பெறவில்லை. மாதிரிகளை மெழுகினால் வார்த்தார். மெழுகு நீரை உறிஞ்சாது; எளிதிற் செதுக்கப்படும்; வேலை முடிந்தபின் உருக்கி மறுகப்பலுக்கு வார்க்கலாம். நீருக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் வண்டி மாதிரியை இழுத்துச்செல்ல, இழுவிசையை ஒரு கருவி சுழலும் தாளிலே தானே வரைந்தது. அக்கருவிகள் பலவற்றை அவரே அமைத்தார்.

கருதலளவையால் முடிந்ததைக் காண்டலளவையாலும் உறுதிசெய்யவேண்டுமன்றோ? 172 அடி நீளமுள்ள 'கிரேஹவுண்ட்' என்னும் உண்மைப் போர்க்கப்பலை, 'அக்ரிவ்' என்னும் மற்றொரு கப்பலால் இழுப்பித்தார். முன்செல்லும் கப்பலின் சுவட்டிலே பின்கப்பல் அகப்படாதிருக்க, பக்கவாட்டில் நீட்டிய 45 அடி மரத்திலிருந்து கயிறு கட்டப்பட்டது. அளந்த தடை மெழுகு மாதிரி சொன்ன தடையோடு ஒத்தது. யந்திரம் பிறப்பிக்கும் வலுவிற் பாதிக்கும் குறைவானதே கப்பலைச் செலுத்தப் பயன்படுகின்றது, எஞ்சியது வீணாகின்றது என்பதும் அப்போது வெளிப்பட்டது. யந்திரகாரர்க்கு அது கசப்பான செய்தியாயிருந்திருக்கும்.

அதே 'கிரேஹவுண்டின்' அடிப்பக்கத்து இருமருங்கும் நீளத் துடுப்புப்போன்ற பலகைகளைப் பொருத்தி, அவை இல்லாத 'பெர்சியஸ்' என்னும் கப்பலோடு 1872 இற் பிளிமத் கடலிலே அருகருகே நிறுத்தினார். பலகையுடைய கப்பலின் உருளல் மற்றதிற் பாதியளவே ஆயிற்று.

இத்துணைத் தெளிவாக அளந்தவர் தம் வீட்டிலே அளவைக்கு அடங்காத வழக்கொன்றை எதிர்நோக்கினார். 1857 இல் மனைவியார் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். மக்கட் பலரும் தாயின் வழியே சென்றனர். நியூமன் அக்குடும்பத்துக்கு வழிகாட்டியாயிருந்தார். புரூட் மட்டும் சேரவில்லை. எந்த முடிவையும், நாளை ஒரு சான்று மாற்றக்கூடும் என்னும் ஐயத்தோடேயே கைக்கொள்ளவேண்டும் என்பது அவர் துணிபு. தனித்தனியே வலியற்ற பல ஏதுக்கள் ஒருங்கு சேர்ந்து ஐயமற்ற உறுதியைத் தரும் என்பது நியூமனின் துணிபு. இவ்வாதம் பல்லாண்டு கடிதங்களிலே நடந்தது, நட்பு குலையவில்லை. 1870 இல் நியூமன் வெளியிட்ட 'உடன்பாட்டின் இலக்கணம்' என்னும் நூலைப் படிப்போர், அதன் பின்னணியிலே இக்கணித நண்பர் நிற்பதை உணர்வர். எனக்கு இருவர் கடிதங்களுமே விருப்பமானவை. எதிரியைத் தாழ்த்தாமல் எதிர்க்கும் வித்தை நம் பத்திரிகைக் கண்டனங்களில் இந்நாளில் அரிது.

1878 இல் மனைவியார் இறந்தார். மனமும் உடலும் தளர்ந்த புரூட், கடற்படையின் விருந்தினராக 'போடிசியா' என்னும் கப்பலிலே தென்னாபிரிக்காவுக்குச் சென்றார். அங்கே வயிற்றுளைவு கண்டு, 1879 மே 4 இற் சைமன்ஸ் நகரிலே காலமானார். உத்தியோகமின்றி உழைத்த அவரைக் கடற்படையார் முழு மரியாதையோடு அடக்கஞ்செய்தனர். கர்தினால் பட்டம் ஏற்க உரோமாபுரி சென்றிருந்த நியூமன், பழைய வாதத்தைத் தொடர்ந்து அவருக்கு நீண்ட மறுமொழி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அஃது அவரைச் சென்றடையவில்லை.

மகன் றொபேட் எட்மண்ட் தந்தையின் வேலையைத் தொடர்ந்தார். தொட்டி டோக்கியிலிருந்து ஹஸ்லாருக்கு மாற்றப்பட்டது. வேகத்துக்கும் நீளத்துக்கும் உள்ள அவ்விகிதம் இன்று 'புரூட் எண்' எனப் பாடநூல்களில் வழங்குகின்றது. ஸ்கொத்லாந்திலே டம்பாட்டன் நகரத்து டெனி என்னும் கப்பற் கம்பனியார், 1883 இற் புரூட்டின் முறைப்படியே தமக்கென ஒரு தொட்டி கட்டினர். அது நூதனசாலையாகப் பேணப்படுகின்றது. அதன் முகப்புச் சுவரிலே கல்லிற் செதுக்கிய புரூட்டின் முகம் தெருவை நோக்கிக்கொண்டிருக்கின்றது.