பிள்ளை சுமக்கும் பை: நிறத்தைப் பார்க்குமுன் முகத்தைப் பாருங்கள்



மழைக் காலத்தில் ஒரு பிற்பகல், பதுளையிலிருந்து பண்டாரவளை செல்லும் பஸ்ஸில் ஹாலிஎலக்கு வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் ஆசனத்தில் நமது சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளம் தாய் அமர்ந்திருந்தார். கறுப்பு ஹபாயா, மடியில் சாமான் பை, நெஞ்சிலே கடையில் வாங்கிய புத்தம் புதிய பிள்ளைப் பை. உள்ளே இருந்த குழந்தைக்கு இரண்டு மாதம் இருக்கலாம். ஜன்னலால் சாரல் அடித்ததும் அவர் தமது சால்வையை இழுத்துக் குழந்தையின் தலையையும் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

பக்கத்தில் தோட்டத்து மூதாட்டி ஒருவர். கடைத் தெருவுக்குப் போய்த் திரும்புகிறவர் போலும். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்காமலே கையை நீட்டிச் சால்வையை விலக்கினார். "புள்ளைக்கு மூச்சு முட்டும் தாயி. மொகம் வெளிய தெரியட்டும்" என்றார். இளம் தாய் முதலில் முகம் சுளித்தார். பிறகு குனிந்து பார்த்தார். குழந்தையின் மோவாய் அதன் நெஞ்சிலே ஒட்டிக் கிடந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. நிமிர்த்திப் பிடித்ததும் குழந்தை பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

கிதாபு ஓதிக்கொடுக்கும் மௌலவிக்குப் பிள்ளைப் பையைப் பற்றி எழுத என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கொட்டாவியைப் பார்த்த பின்னர் எழுதாமல் இருக்க முடியவில்லை. வைத்தியர்களிடமும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் விசாரித்தேன், வாசித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கழுத்துப் பலம் போதாது. துணி மூக்கிலும் வாயிலும் அழுந்தினால் அதனால் தலையைத் திருப்ப முடியாது. இன்னொன்று, உடம்பு ஆங்கில 'சி' எழுத்தைப் போல வளைந்து, மோவாய் நெஞ்சில் குத்தி நின்றால், மூச்சுக் குழாய் மடங்கிவிடும். அப்படிப்பட்ட குழந்தையால் அழவும் முடியாது, ஓசையின்றியே அடங்கிவிடும். தாயோ, பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார். 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் நுகர்வுப் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு, தோளில் தொங்கும் துணிப் பைகளைக் குறித்துப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் அத்தகைய பைகளோடு தொடர்புடைய குறைந்தது 14 மரணங்களை அது எடுத்துக் காட்டியது. அவற்றுள் 12 குழந்தைகள் நாலு மாதத்துக்குக் குறைந்தவை.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைப் பையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹாலிஎலயைத் தெரிந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய வீதியை விட்டு இறங்கினால் படிக்கட்டு, ஏறினால் மண்பாதை. மழை பெய்தால் இரண்டும் வழுக்கும். இங்கே தள்ளுவண்டி வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்! கிளினிக்குக்குப் போவதாயினும், மூத்த பிள்ளையைப் பாடசாலையில் விடுவதாயினும், கை இரண்டும் ஓய்வாக இருந்தால்தான் கைப்பிடியைப் பற்றி இறங்கலாம். அத்தோடு, சுமக்கப்படும் குழந்தை குறைவாக அழுகிறது. கனடாவின் மொன்றியல் நகரில் செய்யப்பட்டு 1986இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமக்கப்பட்ட ஆறு வாரக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன.

எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இது சிகிச்சையாகவே ஆகிவிட்டது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் வைத்தியர் எட்கார் ரே, இன்குபேட்டர் போதாத நிலையில் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று நெஞ்சிலே நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்பது அதுதான். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே அதைத் தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஆனால் அதனை வைத்தியர் காட்டித்தரும் விதத்திலேயே செய்ய வேண்டும். எடை குறைந்த பிள்ளையையோ குறைமாதப் பிள்ளையையோ கடைப் பையில் போட்டுத் தூக்குமுன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பையைத் தெரிவு செய்யும் விடயத்துக்கு வருவோம்.

நமது தோட்டத்துத் தாய்மாரைப் பாருங்கள். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரம் முழுவதையும் முதுகில் தொங்கவிட்டு, நாளெல்லாம் சரிவிலே நிற்பார்கள். குழந்தை பிள்ளை மடுவத்தில் ஆயாம்மாவின் பொறுப்பில் இருக்கும். பால் கொடுக்கும் நேரம் வந்தால் மலையிலிருந்து ஓடி இறங்குவார்கள். அவர்களிடம் கழுத்து வலியைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்வார்கள். பாரம் ஓரிடத்தில் விழுந்தால் அந்த இடம் தேய்ந்துபோகும். பிள்ளைப் பைக்கும் அதே கணக்குத்தான். பிறந்த குழந்தை மூன்று கிலோ அளவு. ஒரு வயதில் அது ஒன்பது, பத்துக் கிலோவை எட்டிவிடும். ஒற்றைத் தோளில் தொங்கும் பை மூன்று கிலோவுக்குச் சுகமாக இருக்கும். பத்துக் கிலோவுக்குத் தோளை அறுக்கும். நீண்ட நேரம் சுமப்பவராயின் இரண்டு தோளிலும் அகலமான பட்டியும், இடுப்பைச் சுற்றி உறுதியான பட்டியும் உள்ள பையைத் தேடுங்கள். பாரத்தின் பெரும் பங்கு இடுப்புக்கு இறங்க வேண்டும். வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்றவர்கள், இடுப்புப் பட்டி தழும்பின் மேல் அழுந்தாதவாறு சற்று உயர்த்திக் கட்டுவதுடன், எப்போது தொடங்கலாம் என்று வைத்தியரிடம் கேட்பதும் அவசியம்.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கொண்டு போங்கள். பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து வாங்கியவர்கள்தாம் பின்னர் அலுமாரியில் பூட்டிவைக்கிறார்கள். பிள்ளையை உள்ளே வைத்து நிமிர்ந்து நில்லுங்கள். கண்ணைத் தாழ்த்தினால் அதன் முகம் முழுதாகத் தெரிய வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்தால் அதன் உச்சியில் முத்தமிடக் கூடியதாக இருக்க வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையில் உங்கள் விரல் நுழைய வேண்டும். முதுகு தொய்ந்து சரியாமல் துணி இறுக்கமாகத் தாங்க வேண்டும். இந்த நாலில் ஒன்று தவறினாலும் அந்தப் பை உங்களுக்கு உரியதல்ல. விலை எவ்வளவு உயர்ந்ததானாலும் சரியே.

கால்களையும் பாருங்கள். மலிவான பைகள் சிலவற்றில் கவட்டுக்குள் ஒடுங்கிய ஒரு துண்டுத் துணியே இருக்கும். பிள்ளை அதில் இருப்பதில்லை, தொங்குகிறது. ஆசனத் துணி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை அகன்று, தொடைகளைத் தாங்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்கார்ந்திருப்பது போலக் கால்கள் விரிந்திருப்பதே இடுப்பு மூட்டுக்கு நல்லது. காலை நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கம் நமது வீடுகளில் இன்னும் உண்டு. உம்மும்மாமாரைக் குறை சொல்லவில்லை. பிள்ளையின் கால் நேராக வளர வேண்டுமென்ற ஆசையில் செய்கிறார்கள். ஆனால் ஜப்பானில் 1975இல் இவ்வாறு சுற்றுவதைக் கைவிடும்படி நாடெங்கும் பிரசாரம் செய்தபோது, குழந்தைகளின் இடுப்பு மூட்டு விலகும் நோய் மிகவும் குறைந்துபோனது.

சின்னப் பிள்ளை தாயின் நெஞ்சைப் பார்த்தே இருக்கட்டும். வெளியே பார்க்க வைப்பது கழுத்து நன்றாக நின்ற பின்னர், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. முதுகில் கட்டுவது பிள்ளை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு.

பணம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். இன்று பெரிய கம்பனிகள் விற்கும் பைகள் ஏழைத் தாய்மாரின் துணியிலிருந்தே பிறந்தவை. 1960களில் ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றிய ஆன் மூர் என்னும் அமெரிக்கத் தாதி, அங்குள்ள தாய்மார் பிள்ளைகளைத் துணியால் உடம்போடு கட்டியிருப்பதைக் கண்டார். தமக்குப் பிள்ளை பிறந்தபோது தமது தாயாரிடம் சொல்லி ஒரு பை தைப்பித்தார். 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நாம் நமது பழைய பருத்திப் புடைவையை மறந்துவிட்டு அதனைக் கப்பலில் இறக்குமதி செய்கிறோம்! நைந்துபோகாத பருத்தித் துணி போதும். ஆனால் கட்டும் முறையைத் தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்று, முதலில் கட்டிலின் மேல் நின்றபடியல்ல, கட்டிலில் உட்கார்ந்தபடி பழகுங்கள். நைலோன், சட்டின் போன்ற வழுக்கும் துணி வேண்டவே வேண்டாம்.

இந்த இடத்தில் நமது உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஹபாயாத் துணிகள் வழுக்குபவை. அவற்றின் மேல் துணிக் கட்டு மெல்ல மெல்லக் கீழிறங்கும். காலையில் முத்தமிடும் உயரத்தில் இருந்த பிள்ளை மதியம் வயிற்றுக்கு இறங்கியிருக்கும். இடையிடையே இறுக்கிக்கொள்ளுங்கள். ஹிஜாபில் குத்தும் ஊசி பிள்ளையின் கண்ணுக்கு நேரே நிற்கும். பிள்ளையைச் சுமக்கும் நாளில் ஊசியின்றி உடுத்தும் ஹிஜாபே நல்லது. பால் கொடுக்கும்போது மறைத்துக்கொள்வது நமது கடமைதான். மறைக்க வேண்டியது தாயின் உடம்பை. பிள்ளையின் மூக்கை மறைக்கும்படி மார்க்கம் யாருக்கும் சொல்லவில்லை. சால்வையைத் தோளின் ஓரமாக இழுத்தால் உங்கள் மானமும் பிள்ளையின் மூச்சும் சேர்ந்தே காக்கப்படும். பால் குடித்து முடிந்ததும் பிள்ளையை மறுபடி நிமிர்த்தி உயர்த்துங்கள். குடித்த நிலையிலேயே தூங்க விடுவதில்தான் அந்த வளைவு வருகிறது.

ஊவாவின் பனியைக் கண்டு அளவுக்கு மீறிப் போர்த்துகிறோம். தாயின் உடம்புச் சூடே ஒரு கம்பளி. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். மழைக்குக் குடையைப் பிடியுங்கள், முகத்தை மூடாதீர்கள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பதும், கொதிக்கும் தேநீர்க் கோப்பையைத் தூக்குவதும் ஆபத்து. மோட்டார் சைக்கிளில் ஏறுவதைப் பற்றிச் சொல்லவும் பயமாக இருக்கிறது. பிள்ளைப் பை ஆசனப் பட்டியாகாது.

சகோதரிகள் சிலர் கேட்கும் ஒரு மஸ்அலா: பையில் பிள்ளை சிறுநீர் கழித்துவிட்டால்? ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயது நிரம்பாத, பால் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையாயின் அந்த இடம் முழுவதும் படும்படி தண்ணீர் தெளித்தால் போதும். உம்மு கைஸ் (ரழி) அவர்களின் மகன் நபி (ஸல்) அவர்களின் மடியில் சிறுநீர் கழித்த சம்பவம் இதற்கு ஆதாரம். பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஆகவே கழுவிக் காயவைக்கக் கூடிய துணியைத் தெரிவு செய்யுங்கள். மலைநாட்டு மழையில் தடித்த பஞ்சு வைத்த பை காய நாலு நாள் எடுக்கும்.

மறுபடி அந்த பஸ்ஸுக்கு வருகிறேன். ஹாலிஎலயில் இறங்கியபோது அந்தத் தாயின் கணவர் காத்திருந்தார். நமது ஊர்ப் பொடியன்தான். சாமான் பையை வாங்கிக்கொண்டார். படிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சுவிட்ட மனைவி, "பிள்ளையைக் கொஞ்சம் நீங்க கட்டிக்கொள்ளுங்களேன்" என்றார். அவர் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "மௌலவி, ஆம்பிளை இதைக் கட்டினால் ஆட்கள் சிரிக்க மாட்டாங்களா?"

நபி (ஸல்) அவர்கள் தமது மகள் ஸைனப் (ரழி) அவர்களின் பிள்ளை உமாமாவைத் தோளில் சுமந்தபடியே மக்களுக்கு இமாமாக நின்று தொழுதார்கள். குனியும்போது இறக்கிவைத்தார்கள், எழும்பும்போது தூக்கிக்கொண்டார்கள். அபூ கதாதா (ரழி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. ஃபர்ளான தொழுகையிலும் இது ஆகும் என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். பிள்ளையின் அணையாடையில் நஜீஸ் இருப்பது தெரிந்தால் மட்டும் சுமந்து தொழக் கூடாது. ஸூரா லுக்மானின் 14ஆம் வசனம் பலவீனத்தின் மேல் பலவீனமாகப் பிள்ளையைச் சுமந்தவள் தாய் என்று நினைவூட்டுகிறது. பிறந்த பின்னும் அவளே தனியாகச் சுமக்க வேண்டுமென்று நான் எந்தக் கிதாபிலும் ஓதவில்லை. இவ்வளவையும் வீதியில் நின்றே அவருக்குச் சொன்னேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து, மனைவி கழற்றிக் கொடுத்த பையை மாட்டினார். மனைவியின் அளவுக்கு இருந்த பட்டி அவருக்குப் போதவில்லை. இருவரும் பாவிக்கும் பையாயின், ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் பட்டியை அளவாக்கிப் பிள்ளையை மறுபடி சரிபார்க்க வேண்டும். பஸ்ஸிலிருந்த மூதாட்டி ஜன்னலால் தலையை நீட்டி, "இன்னும் மேல தூக்கிக் கட்டுங்க தம்பி" என்று சத்தம் போட்டார். பஸ் புறப்பட்ட பிறகும் அவர் பட்டியை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்.