நரம்பெடுத்த பல்லை எப்படிக் காப்பாற்றுவது?

பல் மருத்துவம் பற்றிய நம் கலந்துரையாடலுக்குக் கோலா கங்சார் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்திருந்தார். கடைவாய்ப் பல்லுக்கு 'ரூட் கேனல்' செய்துகொண்டவர். "வலிதான் போயிடுச்சே, அப்புறம் எதுக்குங்க மறுபடியும் வரச் சொல்றாங்க? ஈப்போவுக்குப் போய் வந்தா ஒரு நாள் சம்பளம் போகுதே" என்று கேட்டார். பலருக்கும் உள்ள சந்தேகம் என்பதால் அதையே இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான சதை இருக்கிறது. சொத்தை அதுவரை போய்க் கிருமி புகுந்துவிட்டால், மருத்துவர் அந்தச் சதையை எடுத்துவிட்டு, வேருக்குள் ஓடும் மெல்லிய குழாய்களைக் கழுவி அடைக்கிறார். இதுதான் பல்வேர் சிகிச்சை. அதன்பிறகு அந்தப் பல்லில் புதிதாகச் சொத்தை விழுந்தாலும் சூடோ குளிரோ கூசாது. வலி என்ற காவல்காரன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை ஏன் மறுபடியும் வரச் சொல்கிறார்கள் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

வேரை எதைக் கொண்டு அடைக்கிறார்கள் தெரியுமா? 'கட்டா பெர்ச்சா' என்ற பொருளைக் கொண்டு. பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்குப் புரிந்திருக்கும். 'கெத்தா பெர்ச்சா' என்ற மலாய்ச் சொல்தான் அது. 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊர் கோலா கங்சார். அதற்கும் முன்பே இந்த மண்ணின் காடுகளில் தாபான் மரத்திலிருந்து எடுத்த பால் இது. 1843இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு இதன் மாதிரிகள் போயின. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்த அதே பொருள், வேறு கலவைகள் சேர்ந்து இன்று மெல்லிய குச்சி வடிவில் நம் பல்லுக்குள் போகிறது. ஆனால், இது வேரை அடைக்குமே தவிர பல்லுக்குப் பலம் தராது. மேலே நல்ல மூடி இல்லாவிட்டால் எச்சிலில் உள்ள கிருமிகளை நெடுநாள் தடுக்கவும் இதனால் முடியாது.

1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இப்படி அடைத்த வேர்களை மேலே மூடாமல் கிருமிகளிடம் விட்டுப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட வேர்களில் 19 நாட்களில் கிருமி அடிவரை இறங்கிவிட்டது. ஆகவே, சிகிச்சை முடிந்ததும் வைத்து அனுப்பும் வெள்ளை நிறத் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான். அதன் மேற்பகுதி சற்றுத் தேய்ந்தால் பயப்பட வேண்டாம். பெயர்ந்து விழுந்தால் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்கக் கூடாது.

கடைவாய்ப் பற்களுக்கு அடுத்த வேலை 'கிரவுன்' எனும் உறை. சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து பல்லின் உட்பகுதியைத் தின்றுவிட்டதால் சுவர்தான் மிச்சம். மெல்லும் அழுத்தத்தில் அது பிளக்கும். பிளவு வேர்வரை போனால் பிடுங்குவதைத் தவிர வழியே இருக்காது. உறை போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002இல் ஓர் ஆய்வு சொன்னது. 2004இல் அமெரிக்கக் காப்புறுதிப் பதிவுகளிலிருந்து 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களை ஆராய்ந்தார்கள். 8 ஆண்டுகளில் 97 விழுக்காடு வாயிலேயே இருந்தன. பிடுங்கப்பட்டவற்றில் 85 விழுக்காட்டுக்கு முழு உறை இல்லை. (உறைக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் மற்ற பராமரிப்பையும் ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்பதும் உண்மைதான்.) முன்பல் அதிகம் சேதமாகவில்லை என்றால் சாதாரண அடைப்பே போதலாம்.

செலவுதான் பிரச்சினை. தனியார் கிளினிக்கில் ஓர் உறை பல நூறு ரிங்கிட்டில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். சிகிச்சையைத் தொடங்கும் முன்பே "உறையோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இப்போது முடியாது என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பல்லின் மேடுகளையும் சேர்த்து மூடும் வலுவான அடைப்பு இடைக்காலத்துக்கு உதவுமா என்று மருத்துவர் பார்ப்பார்.

சிகிச்சை முடிந்த அன்று மரமரப்பு போகும்வரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். சில நாட்கள் கடிக்கும்போது நோவு இருப்பது இயல்பு. பாராசிட்டமோல் பெரும்பாலும் போதும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயோட்டிக் மாத்திரையை விழுங்குவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம், அதை விடுங்கள்.

உறை போடும்வரை புந்தோங் கச்சாங் பூத்தேவையும் முறுக்கையும் மறுபக்கத்துக்குத் தள்ளுங்கள். ஆட்டெலும்பு, ஐஸ் கட்டி, கொட்டைப்பாக்கு இவற்றை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். உறை போட்டபின்பும் ஈறோடு சேரும் ஓரத்தில் சொத்தை விழும். ஃபுளோரைடு பற்பசையால் தினமும் இருமுறை துலக்குங்கள், பல்லிடுக்கு நூலும் பயன்படுத்துங்கள்.

மூன்று நாட்களுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தால் (அது வலிக்காமலும் வரும்) உடனே மருத்துவரிடம் போங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகலாம் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லாம் நன்றாக இருந்தாலும் ஓராண்டு கழித்து ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பு ஆறியிருக்கிறதா என்பது கண்ணாடியில் தெரியாது. எந்தப் பல், எந்தத் தேதி, எப்போது மறுபடியும் வர வேண்டும் என்பதைக் கிளினிக் அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.