கொவென்டினாவின் ஊற்று: ஒரு ரோமானியக் குடியிருப்பும் அதன் புனித நீரும்

இங்கிலாந்தின் வடபகுதியில், ஹாட்ரியன் பேரரசன் கி.பி. 122இல் எழுப்பத் தொடங்கிய எல்லைச் சுவரையொட்டிக் கேராபர்க் என்னும் இடம் உள்ளது. அதன் பண்டைய பெயர் புரோகோலிட்டியா. இங்குத் துணைப்படை வீரர்கள் தங்கிய கோட்டை ஒன்றும், அதன் புறத்தே 'விக்கஸ்' எனப்பட்ட சிற்றூர் ஒன்றும் இருந்தன. கோட்டையை நம்பி வாழ்ந்த வணிகர், கைவினைஞர், வீரர்தம் குடும்பத்தினர் ஆகியோரின் குடியிருப்பே விக்கஸ். அக்குடியிருப்புக்கு அருகில், கோட்டையின் மேற்கே உள்ள தாழ்நிலத்தில், கொவென்டினா என்னும் நீர்த்தெய்வத்திற்குரிய ஊற்று அமைந்திருந்தது. ரோமானியப் பிரித்தானியாவின் சமய வாழ்வைப் பற்றி எழுதுவோர் எவரும் இவ்வூற்றைத் தவிர்ப்பதில்லை. ஆயினும், அதைப் பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கது எவ்வளவு என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று கூற வேண்டும். ஆங்கில நூல்கள் இதனைக் 'கொவென்டினாவின் வெல்' என்கின்றன. அதைக் 'கிணறு' என மொழிபெயர்ப்பது எளிது, ஆனால் பொருந்தாது. 'வெல்' என்னும் ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் இயற்கை ஊற்றையே குறித்தது. கிணறு என்றால் நீரைத் தேடி மனிதன் தோண்டியது; இங்கோ நீர் தானே மேலெழுந்தது. மேலெழுந்த நீரைத் தேக்குவதற்குச் செதுக்கிய கற்களால் ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டி ஒன்று கட்டப்பட்டது. அதனைச் சுற்றி ஏறத்தாழச் சதுரமான மதில் எழுந்தது. ரோமானிய-கெல்டிய கோயில்களில் கருவறை அமையும் நடுவிடத்தில் இங்கு நீர்த்தொட்டியே அமைந்திருந்தது. எனவே 'ஊற்றுத்தொட்டி' என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து. மொழிபெயர்ப்பில் நேரும் இத்தகைய சிறு நழுவல்கள் வகுப்பறையில் பெரும் பிழைகளாக வளர்வதைத் தமிழாசிரியர் அறிவர்.

1732இல் ஜான் ஹார்ஸ்லி வெளியிட்ட நூலிலேயே இத்தொட்டி பற்றிய குறிப்பு உண்டு. பின்னர் அது மறக்கப்பட்டது. 1876இல் ஈயத்தாது தேடியோர் அதனை மீண்டும் கண்டனர். நில உரிமையாளரும் தொல்பொருள் ஆர்வலருமான ஜான் கிளேட்டன் உடனே அகழச் செய்தார். அள்ள அள்ள நாணயங்கள் வந்தன. பதிவு செய்யப்பட்டவை மட்டும் 13,000க்கும் மேற்பட்டவை. பொதுமக்கள் பலர் கைப்பற்றிச் சென்றவற்றையும் சேர்த்தால் மொத்தம் 16,000ஐ எட்டியிருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது. மிகப் பெரும்பாலானவை மதிப்புக் குறைந்த வெண்கலக் காசுகள். பிரித்தானியாவைப் பெண்ணுருவாகக் காட்டும் அன்டோனினஸ் பயஸ் காலத்து வெண்கல நாணயங்கள் மட்டும் 300க்கும் மேற்பட்டவை. நாணய வரிசை கிரேஷியன் (கி.பி. 367-383) ஆட்சிக்காலம் வரை நீள்கிறது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. நாணயங்கள், பலிபீடங்கள், தூபக்கலங்கள், மட்பாண்டங்கள், வெண்கலத்தாலான சிறு நாய் உருவம் ஆகிய அனைத்தும் ஒரே குவியலாக வெளியே எடுக்கப்பட்டன. எது அடியில் கிடந்தது, எது மேலே கிடந்தது என்னும் மண்ணடுக்குப் பதிவு இல்லை. இவை இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொன்றாக இடப்பட்ட காணிக்கைகளா? அல்லது எதிரிகளுக்கு அஞ்சியோ, கோயில்களை மூடுமாறு தியோடோசியஸ் பிறப்பித்த 391ஆம் ஆண்டு ஆணைக்கு அஞ்சியோ அவசரமாக மறைக்கப்பட்டவையா? சிறு காசுகளின் பெருக்கமும் நீண்ட கால வரிசையும் முதல் விளக்கத்திற்கே வலுச் சேர்க்கின்றன. கனமான பலிபீடங்களின் நிலை வேறு. நேர்த்தி செலுத்தியவர் தாம் நிறுவிய பீடத்தைத் தாமே நீரில் தள்ளியிருப்பார் எனக் கொள்வது கடினம்; அவை இறுதிக் காலத்தில் பிறரால் உள்ளே இறக்கப்பட்டிருக்கலாம். ஆக, ஒரே தொட்டியில் இருவேறு செயல்களின் எச்சங்கள் கலந்துள்ளன எனலாம்.

கொவென்டினாவை நோய் தீர்க்கும் தெய்வமாகக் கூறும் வழக்கமும் பரவலாக உண்டு. இதற்குச் சான்று மெலிந்ததே. பிரான்சின் ஷாமாலியேர் ஊற்றில் 1968 முதல் 1971 வரை நடந்த அகழாய்வில் கை, கால் முதலிய உறுப்புகளின் மர வடிவங்கள் உட்பட ஆயிரக்கணக்கான நேர்த்திப்பொருள்கள் கிடைத்தன. செய்ன் ஆற்றின் பிறப்பிடத்திலும் இத்தகையவை கிடைத்துள்ளன. கேராபர்க்கில் அவ்வகைப் பொருள்கள் குறிப்பிடும்படியாக இல்லை. 1985இல் லிண்ட்சே அலசன்-ஜோன்ஸ், புரூஸ் மெக்கே ஆகியோர் கண்டெடுப்புகள் அனைத்தையும் தொகுத்து வெளியிட்டனர்; பழைய ஊகங்களைத் தெளிந்த கண்ணுடன் சோதிக்க அதன் பிறகே வழி பிறந்தது.

கல்வெட்டுகள் தரும் செய்தி இதைவிட உறுதியானது. நேர்த்தி செலுத்தியோருள் படேவியர், குகெர்னியர், ஃபிரிசியாவோனியர் ஆகிய படைப்பிரிவுகளைச் சேர்ந்தோர் காணப்படுகின்றனர். இவர்கள் ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து திரட்டப்பட்ட படைகள். படேவியர் படைத்தலைவன் கொஸ்கோனியானஸ் வழங்கிய பலகையில் தெய்வம் நீர்ச்செடியின் மேல் சாய்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளது. தெய்வத்தின் பெயர் கொவென்டினா, கொவொன்டினா எனப் பலவாறு பொறிக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. காதால் கேட்ட பெயரை அவரவர் நாவுக்கேற்ப எழுதினர் போலும். இவற்றுள் என் மனத்தை ஈர்ப்பது சாட்டர்னினஸ் கபினியஸ் என்பவன் படைத்த சுடுமண் தூபக்கலம். அதைத் தன் கைகளாலேயே செய்ததாக அவன் அதன் மீது எழுதியுள்ளான். படைத்தலைவனின் செதுக்குப் பலகையைவிட இக்கலத்தில் ஒரு தனிமனிதனின் பக்தி நெருக்கமாக வெளிப்படுகிறது.

இந்நீர்நிலத்தில் கொவென்டினா தனித்திருக்கவில்லை. 1949இல் மித்ராஸ் கோயில் ஒன்று வெளிப்பட்டது. 1950இல் இயன் ரிச்மண்ட் அதனை அகழ்ந்தார். அதனருகே நீரணங்குகளுக்கும் அவ்விடத்தின் காவல் ஆவிக்கும் உரிய பீடமும் கிடைத்தது. மித்ராஸ் வழிபாடு ஆடவர்க்கு மட்டும் உரியது. மூடிய அறைக்குள் நிகழ்ந்தது. ஊற்றோ அத்தகைய தடை எதுவும் அறியப்படாத வழிபாட்டிடம். கல்லில் பெயர் பொறிக்கும் வசதி பெரும்பாலும் படையினர்க்கே இருந்தது. பெயரின்றிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு காசுகளில் எத்தனை விக்கஸில் வாழ்ந்த பெண்களும் வணிகரும் இட்டவை என்பதை நாணயங்கள் சொல்லா.

அதற்கான விடை ஊற்றில் இல்லை. ஊரில்தான் தேட வேண்டும். கோட்டையும் விக்கஸும் பெரும்பகுதி அகழப்படாமல் இன்றும் புல்மேட்டின் கீழ்க் கிடக்கின்றன. 2020இல் கோட்டை நிலம் தனியார் உரிமையிலிருந்து நாட்டிற்கு வழங்கப்பட்டது. கிளேட்டன் அகழ்வித்த பீடங்கள் பல செஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன.